வெப்பத்துக்குக் கணக்குப் போட்டவர்

கணிதமோ பௌதிகமோ எடுத்த நம் பழைய மாணவர்கள் ஃபூரியர் தொடரை மறந்திருக்க மாட்டார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி சைனையும் கொசைனையும் தொகையிட்டுத் திணறியவர்கள்தானே நாம்! பெயருக்குரியவரோ அதை அச்சில் பார்க்கவே பதினைந்து வருஷம் திணறினார்.

ஜோசப் ஃபூரியர் 1768-ல் பிரான்சின் ஓசேர் நகரில் தையல்காரர் மகனாகப் பிறந்தார். பத்து வயது வாக்கில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. துறவியாகப் போய் மடத்தில் சேர்ந்து, சபதம் எடுக்கும் முன்பே வெளியே வந்துவிட்டார். புரட்சிக் காலத்தில், 1794-ல், சிறை. ரோபெஸ்பியர் வீழ்ந்திராவிட்டால் தலை தப்பியிருக்குமா என்பதே சந்தேகம். 1798-ல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போனார். திரும்பியதும் கிரெனோபிளில், நம்ம ஊர் கலெக்டர் மாதிரி ஒரு உத்தியோகம். சதுப்பு நிலத்தை வடிப்பது, மலைச்சாலை போடுவது என்று ஃபைல் பார்த்த மனுஷன், மிச்ச நேரத்தில் இரும்பு வளையத்தைச் சூடாக்கித் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருந்தார்!

உலோக உருளையில் வெப்பம் பரவும் கணக்கைப் பாருங்கள். சமன்பாட்டில் ஆரத்தால் வகுக்கும் ஓர் உறுப்பு வரும். அச்சில் ஆரம் பூஜ்யம். கெழு முடிவிலிக்கு ஓடிவிடும். ஆனால் நிஜ உருளையின் நடுவே வெப்பநிலை அப்படி ஓடுவதில்லையே. மடக்கை போல் அங்கே வெடிக்கும் ஒரு தீர்வும் உண்டு. அதற்கு இங்கே வேலையில்லை. அடங்கி நிற்கும் தீர்வை ஃபூரியர் அடுக்குத் தொடராக எழுதினார். இன்று அதற்குப் பெஸ்ஸல் பெயர். பெஸ்ஸலின் கட்டுரை வந்ததோ 1824-ல்தான்!

1807-ல் இதையெல்லாம் பாரிஸ் கழகத்துக்கு அனுப்பினார். எந்தச் சார்பையும் சைன், கொசைன்களின் கூட்டாக எழுதலாம் என்பதை லக்ராஞ்சு ஏற்கவேயில்லை. 1811 போட்டிக்குத் திருத்தி அனுப்பியதற்குப் பரிசு கிடைத்தது. கூடவே, நிரூபணத்தில் கறார் போதாது என்ற குட்டும். குட்டு முழுக்க அநியாயமில்லை; சரியான நிரூபணம் 1829-ல் டிரிஷ்லே கொடுத்ததுதான். ஆனாலும் பரிசு கொடுத்த கட்டுரையை அச்சிடாமல் வைத்தது என்ன நியாயம்?

1822-ல் தாமே புத்தகமாகப் போட்டார். அதே வருஷம் கழகத்தின் நிரந்தரச் செயலாளரும் ஆனார். உட்கார்ந்த கையோடு, அந்தப் பரிசுக் கட்டுரையை ஓர் எழுத்தும் மாற்றாமல் கழக வெளியீட்டிலேயே அச்சேற்றினார். 1830-ல் காலமானார். 1807-ல் அனுப்பிய மூலக் கட்டுரை முழுசாக அச்சில் வந்தது 1972-ல்.