கேம் உலகை மிரட்டும் 'குதுலு'... வறுமையிலேயே இறந்த லவ்கிராஃப்ட் யார்?

1993-ல் வந்த கம்ப்யூட்டர் கேம், 'ஷேடோ ஆஃப் தி காமெட்'. ஹாலி வால்நட்சத்திரத்தைப் படமெடுக்க ஒரு சின்ன ஊருக்குப் போகும் இளைஞன், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறான். அவ்ளோதான் கதை. ஆனால், இரவில் தனியாக ஆட தைரியம் வேணும்!

நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசியே கதை நடத்தும் 'கால் ஆஃப் குதுலு' என்ற ஆட்டம் 1981-ல் அறிமுகமானது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த கேம். இரண்டுக்கும் மூலம், 1937-லேயே இறந்துபோன எச்.பி.லவ்கிராஃப்ட்.

உடைந்த குடும்பம்

1890-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். 3 வயது ஆவதற்குள் அப்பாவை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் அங்கேயே இறந்தார். 1904-ல் தாத்தா இறந்ததும் சொத்து கரைந்து, வீடும் கைவிட்டுப்போனது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 1919-ல் அம்மாவையும் அதே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அவர் கதைகளில் பூதத்தை வாளால் வெட்டி ஜெயிக்க முடியாது. பார்த்தவருக்குப் புத்தி பேதலித்துவிடும். மேஜை ஆட்டத்திலும் அப்படித்தான். பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க, உங்கள் மனநிலைக்கான பாயின்ட் குறைந்துகொண்டே போகும்.

நிராகரித்த பத்திரிகை

'கால் ஆஃப் குதுலு' சிறுகதையை 1926-ல் எழுதினார். 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகை முதலில் திருப்பி அனுப்பியது. 1928-ல்தான் வெளியிட்டது. அடுத்தவர் கதைகளைத் திருத்திக் கொடுத்துத்தான் பிழைப்பு ஓடியது.

ஆனால், மனசு பெருசு. தன் பூதங்களை நண்பர்களும் அவர்கள் கதைகளில் பயன்படுத்த விட்டார். அவர்களுடையதைத் தன் கதைகளில் சேர்த்துக்கொண்டார்.

மறைக்க முடியாத கறை

அந்தப் பெரிய மனசு எல்லோருக்கும் திறக்கவில்லை. கறுப்பின மக்கள், யூதர்கள், குடியேறிகள் மீது அவருக்கு இருந்த வெறுப்பு கடிதங்களிலும் கதைகளிலும் அப்பட்டமாகத் தெரியும். இத்தனைக்கும் அவர் மணந்த சோனியா கிரீன் ஒரு யூதப் பெண்! உலக ஃபேன்டஸி விருதாக வழங்கப்பட்டுவந்த அவரது தலைச்சிலை, 2015-ல் கைவிடப்பட்டது.

நண்பர்கள் கொடுத்த வாழ்வு

1937 மார்ச் 15-ல் குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 46. வாழ்நாளில் புத்தகமாக வந்தது ஒரே ஒரு கதை. அதுவும் சில நூறு பிரதிகள்தான், அச்சுப்பிழைகளோடு.

நண்பர்கள் ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரே இருவரும் சும்மா இருக்கவில்லை. அவர் கதைகளைப் புத்தகமாக்கவே 1939-ல் 'ஆர்க்கம் ஹவுஸ்' பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் இல்லையென்றால், குதுலு பழைய பத்திரிகைக் கட்டுகளோடு எடைக்குப் போயிருக்கும்.