யார் இந்த சுனில் ஜனா? பஞ்சத்தைப் படம்பிடித்த புகைப்படக்காரர்

1943-ல் வங்கத்தில் பெரும் பஞ்சம். உலகப்போர் நேரம், அரிசி விலை எகிறியது, பதுக்கலும் சேர்ந்துகொண்டது. இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு.

கல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த சுனில் ஜனாவை, பஞ்சம் பாதித்த ஊர்களுக்குக் கையோடு கூட்டிப்போனார் கம்யூனிஸ்ட் தலைவர் பி.சி.ஜோஷி. ஓவியர் சித்தபிரசாத்தும் கூடப் போனார். 1918-ல் அசாமின் திப்ருகரில் பிறந்த ஜனாவுக்கு அதுவரை கேமரா வெறும் பொழுதுபோக்குதான்.

எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை அவர் எடுத்த படங்கள் ‘பீப்பிள்ஸ் வார்’ கட்சி இதழில் வந்தன. அஞ்சல் அட்டைகளாக அச்சாகி நிவாரண நிதியும் திரட்டின. சாகக் கிடப்பவருக்கு உதவாமல் படம் எடுப்பதா என்ற கேள்வி அவரை வாட்டியது. ஆனாலும் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

1948-ல் ஜோஷி பதவியிழந்ததும் ஜனாவும் கட்சியில் ஓரங்கட்டப்பட்டார். பிறகு பழங்குடி மக்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பின்னாளில் லண்டனில் குடியேறினார். கடைசிக் காலம் அமெரிக்காவில். கண் அழுத்த நோயால் பார்வை மங்கிப்போனது. பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது 2012-ல். அதே ஆண்டு ஜூனில், 94 வயதில், கலிபோர்னியாவின் பெர்க்லியில் காலமானார். பசிக்கு அவர் விட்டுப்போன சாட்சி இன்னும் அழியவில்லை.