மெயின்டனன்ஸ்காரர் செய்த பொம்மை

டிப்ளமோ முடிச்சா மெயின்டனன்ஸ் வேலைதானே என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்காகவே கும்பெய் யோகோய் பற்றி எழுதுகிறேன். 80-களின் கையடக்க வீடியோ கேம்களை நினைத்து இன்றும் உருகுபவர்கள் உண்டே, அவற்றுக்குச் சொந்தக்காரர் இவர்.

1965-ல் ஜப்பானின் கியோட்டோவில், சீட்டுக்கட்டு தயாரித்துவந்த நிண்டெண்டோவில் மெஷின்களைப் பராமரிக்கச் சேர்ந்தார். சும்மா இருந்த நேரத்தில் நீண்டு சுருங்கும் இடுக்கி ஒன்று செய்து விளையாட, முதலாளி யமவுச்சி பார்த்துவிட்டார். திட்டு விழவில்லை, 1966-ல் அது பொம்மையாக விற்பனைக்கே வந்துவிட்டது!

புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து யோசித்ததுதான் 1980-ன் கேம் அண்ட் வாட்ச். கால்குலேட்டருக்கு வந்து மலிந்துபோன எல்.சி.டி.யே அதற்குப் போதும். 1982-ல் அதில் வைத்த கூட்டல்குறி பட்டனின் வாரிசுகள் இன்றைய கன்ட்ரோலர்களிலும் இருக்கு. 1989-ல் கேம் பாய். போட்டிக் கம்பெனிகள் கலர் ஸ்கிரீன் காட்டின. இவர் கலரே வேண்டாம் என்றார். நாலு பென்சில் பேட்டரி பல மணி நேரம் தாங்கியதே, அங்கேதான் ஜெயித்தார். பழகி மலிவான பாகத்தை வேறு வேலைக்குத் திருப்புவதே அவர் வழி. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

1995-ல் விர்ச்சுவல் பாய் மண்ணைக் கவ்வியது. 1996-ல் கம்பெனியை விட்டு விலகினார். 1997 அக்டோபர் 4-ல் சாலை விபத்தில் இறந்தபோது வயது 56. கடைசியாக அவர் உழைத்த வொண்டர்ஸ்வான் 1999-ல் வந்தது. அதற்கு ஒரே ஒரு பென்சில் பேட்டரிதான்.