ஆமணக்கெண்ணெயும் வேக்பீல்ட் பிரபுவும்

மன்னார்ப் பெருநிலத்தின் தென்கரையில், சிலாவத்துறையிலிருந்து மரிச்சுக்கட்டி வரை விரிந்து கிடக்கும் முசலிப் பகுதி வறண்ட நிலம். அத்தகைய நிலத்தில், வேலியோரத்திலும் பாழ்வளவிலும், விதைப்பாரின்றி முளைத்து நீர் வார்ப்பாரின்றி வளர வல்லது ஆமணக்கு. அதனை ஒரு பொருட்டாக மதிப்போர் அரியர். முன்னாளில் அதன் கொட்டைமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்த எண்ணெய், வயிற்றைக் கழுவும் மருந்தாக வீட்டினுள் இருந்தது. வைக்கோற் கரியுடன் குழைக்கப்பட்டு, வண்டில் அச்சுக்கு மசகாக வீட்டுக்கு வெளியே இருந்தது. அந்த இரண்டாவது பயனே ஆங்கிலேயர் ஒருவரைப் பெருஞ்செல்வராக்கிப் பிரபுக்கள் சபையில் அமர்த்தியது என்றால் நம்மவருள் பலர் வியப்பர். சார்ள்ஸ் சியர்ஸ் வேக்பீல்ட் என்பது அவர் பெயர். நம் மாட்டு வண்டிலைக் கண்டு அவர் பாடம் கற்றார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், உராயும் இரண்டு பொருள்களுக்கிடையே விலகாது நிற்கும் எண்ணெய் எது என்ற கேள்வி வண்டிலோட்டிக்கும் அவருக்கும் ஒன்றே.

வேக்பீல்ட் 1859 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள் லிவர்பூல் நகரிலே பிறந்தார். தந்தையார் சுங்கப் பகுதி உத்தியோகத்தர். தாயாரின் குடும்பப் பெயரான சியர்ஸ் என்பதே மைந்தரின் நடுப்பெயராயிற்று. உலகத்துச் சரக்கெல்லாம் வந்திறங்கும் துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளை, பள்ளிப் படிப்பு முடிந்ததும் எண்ணெய்த் தரகர் ஒருவரின் அலுவலகத்தில் வேலைக்கமர்ந்தது இயல்பே. பின்னர் வாக்குவம் எண்ணெய்க் கம்பனி என்னும் அமெரிக்க நிறுவனத்திற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, அதன் பொருட்டுப் பல நாடுகளுக்கும் பயணஞ் செய்தார். தூரகிழக்கு நாடுகளின் எதிர்கால வணிகம் பற்றி 1896 இல் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். 1899 இல், நாற்பது வயதை எட்டும் தறுவாயில், அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, இலண்டன் சீப்சைட் வீதியில் தம் பெயரால் ஒரு கம்பனியைத் தொடங்கினார். பழைய நிறுவனத்திலிருந்து தோழர் எண்மர் அவருடன் வெளியேறினர். புகைவண்டிகளுக்கும் கனரக யந்திரங்களுக்கும் உரிய எண்ணெயே ஆரம்பத்தில் அவர்களது சரக்கு.

அக்காலத்திலே இலண்டன் வணிகரின் கண் முசலிக் கரையின்மீதும் விழுந்திருந்தது என்பதை இவ்விடத்து நினைவு கூரலாம். 1905 இல் இக்கடலிற் பெரும் முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. அடுத்த ஆண்டே இலண்டனில் அமைந்த கம்பனியொன்று முத்துச்சிலாபங்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பிகள் கைவிட்டன, கம்பனி சில ஆண்டுகளிலே நொடித்தது. கடலடியில் கிடந்த முத்தை நம்பியவர்கள் தோற்க, தரையிலே கேட்பாரற்று விளையும் கொட்டைமுத்தை நம்பிய வேக்பீல்ட் வென்றார். வணிகத்தின் விளையாட்டு அப்படி.

அவர் வென்ற விதம் சற்று விரித்துரைக்கத் தக்கது. மோட்டார் எஞ்சினின் உள்ளே சுழல்தண்டும் அதனைத் தாங்கும் தாங்கியும் ஒன்றையொன்று நேரே தொடுமாயின் உருகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே மயிரிழையிலும் மெல்லியதாய் ஓர் எண்ணெய்ப் படலம் நிற்பதனாலேயே எஞ்சின் உயிர் வாழ்கிறது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் கனிய எண்ணெய் சூடேறும்போது நீர்த்துப் போகிறது. எரியாது கசியும் பெற்றோலுடன் கலந்து மேலும் இளகுகிறது. புகைவண்டியின் நிதான கதிக்கு அது போதும். ஆனால் 1907 இல் இங்கிலாந்தின் சறே மாகாணத்தில் புறூக்லன்ட்ஸ் பந்தயத் தடம் திறக்கப்பட்டு, கார்கள் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடத் தலைப்பட்டபோது அது போதாதாயிற்று. ஆமணக்கெண்ணெயோ வேறு இயல்பினது. அதன் பெரும்பகுதியாகிய ரிசினோலிக் அமிலம் உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. சூட்டிலும் தன் தடிப்பைப் பெரிதும் காக்கும். பெற்றோலுடன் எளிதிற் கலவாது. ஒரு குறை என்னவெனில், கனிய எண்ணெயுடனும் அது இயல்பாக இணங்காது. இவ்விரண்டையும் அளவறிந்து இணங்கச் செய்து, 1909 இல் வேக்பீல்ட் புதிய எண்ணெயொன்றை விற்பனைக்கு விட்டார். ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரைச் சற்றே திரித்துக் காஸ்ட்ரோல் என்று அதற்குப் பெயரிட்டார். எல்லா யந்திரத்துக்கும் ஒரே எண்ணெய் என்றிருந்த வழக்கத்தை விட்டு, அந்தந்த யந்திரத்தின் தேவைக்கேற்ப எண்ணெயை அமைக்க முயன்றதே அவர் செய்த புதுமை. பெயர் சூட்டிய கெட்டித்தனத்தை விட இதுவே பெரிதென்பது எம் கருத்து.

1914 இல் மூண்ட யுத்தம் ஆமணக்கை ஆகாயத்துக்கு ஏற்றியது. அன்றைய விமானங்கள் பலவற்றில் எஞ்சினே சக்கரம்போற் சுழலும். பெற்றோற் கலவை எஞ்சினின் உள்ளறை வழியாகவே செல்லுமாதலின், பெற்றோலிற் கரையும் எண்ணெய் அங்கே நில்லாது கழுவப்பட்டுவிடும். ஆமணக்கெண்ணெயொன்றே நின்றது. எரியாத எண்ணெய் புகையும் திவலையுமாய் விமானியின் முகத்தில் அடிக்க, அதனைச் சுவாசித்தும் விழுங்கியும் பறந்த வீரர்கள் வயிற்றுப்போக்கினால் வருந்தினர் என்பது வரலாறு. நம் பாட்டிமார் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பர். அந்த யுத்தத்தின் நடுவே, 1915–16 இல், வேக்பீல்ட் இலண்டனின் மாநகரத் தலைவராய் வீற்றிருந்தார். 1908 இலேயே சேர் பட்டம் பெற்றவர். 1917 இல் பரோனெற் ஆனார்.

யுத்தத்தின் பின் அவரது வாழ்வு வேகத்தோடு பிணைந்தது. எண்ணெயின் சிறப்பை விளம்பரப் பலகையிற் சொல்வதினும், பந்தயத்தில் வென்ற காரின் எஞ்சின் சொல்வதே மேல் என்பதை அவர் அறிந்திருந்தார். 1929 மார்ச்சு மாதத்தில் ஹென்றி சீகிரேவ் என்பார் அமெரிக்காவின் டேற்றோனாக் கடற்கரையில் மணிக்கு 231 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் காரோட்டி உலக சாதனை நாட்டியபோது, அக்காரின் எஞ்சினில் ஓடியது வேக்பீல்டின் எண்ணெய். 1930 மே மாதத்தில் ஏமி ஜோன்சன் என்னும் இளமங்கை இங்கிலாந்திலிருந்து தனியே புறப்பட்டு, கராச்சி, அலகாபாத், கல்கத்தா வழியாக அவுஸ்திரேலியாவுக்குப் பறந்து சென்றாள். அவளது சிறு விமானத்தை வாங்குதற்கு அவள் தந்தையோடு பொருளுதவி செய்தவர் வேக்பீல்டே.

அம்மகிழ்ச்சி அடங்குமுன் துயரம் வந்தது. அதே ஆண்டு ஜூன் 13 ஆம் நாள், வேக்பீல்ட் பொருள் கொடுத்துக் கட்டுவித்த விசைப்படகிலே, வின்டமியர் ஏரியில், நீர்மேல் வேகத்தில் உலக சாதனை செய்த சீகிரேவ், உடனேயே படகு கவிழ்ந்து மாண்டார். படகிலிருந்த பொறியியலாளர் ஒருவரும் இறந்தார். புகழை விலைக்கு வாங்க முயன்ற வணிகரின் பேராசை என்று இதனைப் பழிப்போர் உண்டு. அவ்வாறு ஒரேயடியாகக் கூறிவிட எமக்கு மனம் வரவில்லை. வணிக நோக்கு அவரிடம் இருந்தது உண்மை. அறியப்படாத ஓர் இளம்பெண்ணின் பறப்பை நம்பிப் பணம் கொடுக்கும் துணிவும் அவரிடம் இருந்தது. இரண்டையும் பிரித்தல் எளிதன்று.

இத்துணைப் புகழ் பெற்ற எண்ணெயை, வேகக் கார் வைத்திருப்போர் எல்லாரும் ஊற்றலாமோ எனின், கூடாது என்பதே விடை. ஆமணக்கெண்ணெய் சூட்டிலும் காற்றிலும் நெடுநேரம் இருந்தால் பிசின்போல் இறுகும். உட்பாகங்களில் அரக்குப் பூசியதுபோற் படியும். எண்ணெய்க் குழாய்களை அடைக்கும். பந்தயக்காரர் ஓட்டம் முடிந்தவுடன் அதனை வடித்து அகற்றிவிடுவர். 1934 இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கிய காலத்தில், சில நிமிட நேர ஓட்டத்துக்கு அத்தகைய எண்ணெய் பொருந்தியிருக்கும். அதே காரை மறுநாள் கடைத்தெருவுக்கு ஓட்டி, மூன்று மாதம் எண்ணெய் மாற்றாது விடுபவருக்கு அது நஞ்சு. பந்தயத் தடத்தில் எழும் அதன் நறுமணத்திலே மயங்கி, சாதாரணக் காரில் அதனை ஊற்றி எஞ்சினைப் பாழாக்குவோர் பெருமைக்கு விலை கொடுக்கின்றனர்.

வேக்பீல்டின் கம்பனியே இதனை உணர்ந்திருந்தது. பந்தயத்துக்கு ஒன்றும் அன்றாட ஓட்டத்துக்கு வேறொன்றுமாக எண்ணெய் செய்தது. இக்காலத்துத் தகரங்களில் 10 டபிள்யூ 40 என்பன போல் இரண்டு எண்கள் காணப்படும். முன்னது குளிரில் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதைக் குறிக்கும். பின்னது எஞ்சின் கொதிநிலைச் சூட்டில் இருக்கையில் அதன் தடிப்பைக் குறிக்கும். மன்னார் வெயிலில் உறைபனிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பின்னெண்ணையே பெரிதும் நோக்க வேண்டும். அதற்காக எண் கூடக் கூட நன்மை என்று கருதுதலும் பிழை. நெருக்கமான இடைவெளியோடு செய்யப்பட்ட புதிய எஞ்சினில் மிகத் தடித்த எண்ணெய் வேண்டிய விரைவில் உட்புகாது. அந்த எஞ்சினைச் செய்தவர் கைநூலிற் குறித்த எண்ணே, கடைக்காரரின் சொல்லினும் தகரத்திலுள்ள பந்தயக் கார்ப் படத்தினும் நம்பத்தக்கது.

வேக்பீல்ட் 1930 இல் பிரபுவாகவும் 1934 இல் வைகவுன்ட் ஆகவும் உயர்ந்தார். ஈட்டிய பொருளைப் பெருமளவில் அறப்பணிகளுக்கு வழங்கினார். வயிற்றிற் பிறந்த மக்கள் இலர். பெண் குழந்தையொன்றைத் தத்தெடுத்து வளர்த்தார். 1941 ஜனவரி 5 ஆம் நாள், ஏமி ஜோன்சன் யுத்தப் பணியில் விமானமோட்டிச் சென்று தேம்சு நதியின் கழிமுகத்தில் வீழ்ந்து மறைந்தாள். பத்தே நாளில், ஜனவரி 15 இல், வேக்பீல்டும் கண்மூடினார். வாரிசின்மையால் பட்டம் அவரோடு ஒழிந்தது. கம்பனி 1960 இல் அவர் பெயரை விட்டுத் தன் எண்ணெயின் பெயரையே சூடிக்கொண்டது. 1966 இல் பர்மா எண்ணெய்க் கம்பனியோடு இணைந்தது. 2000 இல் பிபி நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆமணக்கோ வேறு வடிவிலே திரும்பி வந்தது. அதன் எண்ணெயிலிருந்து பெறும் செபாசிக் அமிலத்தைக் கொண்டு செய்த செயற்கை எண்ணெய்கள் ஜெற் விமானங்களின் எஞ்சின்களைக் காத்தன.

அவர் பெயர் நிலைத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. மாதிரி விமானம் செய்வோருக்காக 1928 இல் அவர் வழங்கிய வெற்றிக் கிண்ணத்தை நினைந்து, அவ்வகை விமானங்களை இன்றும் வேக்பீல்ட் என்றே அழைக்கின்றனர். அவற்றுக்குப் பெற்றோலும் இல்லை, எஞ்சினும் இல்லை; முறுக்கிய றப்பர் இழைகள் அவிழும் விசையினாலே பறப்பன. இழையோடு இழை உராய்ந்து அறுந்துவிடாதிருக்க மசகு தடவ வேண்டும். அதற்கு ஆமணக்கெண்ணெய் பூசுவாரும் உளர்.