14 ஊசி தந்த டாக்டர் செம்பிள்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சொன்னாலே போதும், நம் ஊர்ப் பையன்கள் அரண்டு போவார்கள். அந்த மருந்தை உண்டாக்கியவர் சர் டேவிட் செம்பிள். 1856ல் பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவ டாக்டர்.

அந்நாளில் வெறிநாய் கடித்தவர்களுக்கு இந்தியாவில் வைத்தியம் கிடையாது. வெள்ளைச் சிப்பாய்களைக் கப்பலேற்றிப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். ஏழைக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்? 1900ல் கஸௌலி மலையில் நாட்டின் முதல் பாஸ்டர் நிலையத்தைச் செம்பிள் தொடங்கினார். டில்லியிலிருந்து சிம்லா போகும் நம்மவர்கள் சின்ன ரயிலில் தரம்பூர் ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து மேலே ஏறினால் கஸௌலி. அந்த ரயில் பாதையே 1903ல்தான் வந்தது.

பாஸ்டர் முறை மருந்தில் உயிருள்ள கிருமியும் இருந்தது, அது ஆபத்து. 1911ல் செம்பிள், மிருக மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று மருந்தாக்கினார். இதை வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப முடிந்தது. கடிபட்டவர் மலையேற வேண்டியதில்லை. பிற்காலத்தில் ஆட்டு மூளையில் இதைத் தயாரித்தார்கள். நம் குன்னூர் நிலையத்திலும் இதே மருந்துதான்.

கிருமி செத்தது; மூளைச்சத்து மருந்திலேயே தங்கிவிட்டது. வினை அங்கேதான். நம் நரம்புக்கு மின்சாரக் கம்பியின் ரப்பர் போல ஓர் உறை உண்டு. ஆட்டு மூளையிலும் அதே பொருள். தினமும் ஊசியில் அது உள்ளே போனதும், அந்நியப் பொருளை எதிர்க்கும் உடம்பின் காவல் சக்தி, சிலருக்குத் தன் நரம்பின் உறையையே தாக்கியது. ஊசி போடும் நாட்களிலேயே காய்ச்சல், தலைவலி வரும், கால் மரத்து விழுந்துவிடும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். நாயின் நோய்தான் வந்துவிட்டதென்று வீட்டார் அழுவார்கள். ஊசியை நிறுத்தவும் பயம், தொடரவும் பயம். மதுவும் கடும் உழைப்பும் கூடாதென்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். மூட்டை தூக்கிப் பிழைப்பவன் என்ன செய்வான்?

அமெரிக்காவில் ரிவர்ஸ் என்ற டாக்டர் 1930களில் குரங்குகளுக்குக் கிருமியே இல்லாத மூளைச்சத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். அவற்றுக்கும் பக்கவாதம் வந்தது. குற்றவாளி மூளைச்சத்தே என்பது அப்போது தெரிந்தது. செம்பிள் 1937ல் காலமானார்.

காரணம் தெரிந்தும் மருந்து மாறவில்லை. விலை குறைவு, வேறு வழியும் இல்லை. வெறிநோய் வந்துவிட்டால் மரணம் அநேகமாக நிச்சயம் என்பதால், அந்த ஊசி எத்தனையோ உயிர்களைக் காத்தது என்பதையும் மறுக்க முடியாது. இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து 2004ல்தான் நின்றது. இப்போது ஆய்வுக்கூடத்தில் செல்களில் வளர்த்த மருந்து. மூளைச்சத்து கிடையாது, ஊசியும் கையில்தான். ஆனால் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.