அறிவியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

மின்சாரத்தையும் வெப்பத்தையும் எளிதிற் கடத்தும் பொருள்கள் சில. கடத்த மறுக்கும் பொருள்கள் சில. செம்பு முதல் வகை. மரமும் பீங்கானும் இரண்டாம் வகை. இதனைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின் ஒரே பொருள் ஒரு திசையில் நன்கு கடத்தி, மறு திசையில் தடுத்து நிற்பதும் உண்டு. அதனை அளந்து காட்டிய தமிழறிஞரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

இவர் 1898 டிசம்பர் 4ஆம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கல்கத்தா சென்று, நம் திருச்சியிற் பிறந்த சர் சி. வி. இராமனிடம் 1923இல் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அப்பணியில் உற்ற துணையாக நின்றவர் இவரே. அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்று படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1933இல் கல்கத்தா திரும்பினார்.

அங்கு 1939இல், கங்குலி என்பாருடன் சேர்ந்து கிராபைட் படிகத்தை ஆராய்ந்தார். நாம் எழுதும் பென்சிலின் உள்ளே இருப்பது களிமண் கலந்த இந்தக் கிராபைட்டே. இதில் கார்பன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. ஓர் ஏட்டின் வழியே மின்சாரம் தங்குதடையின்றி ஓடும்; ஏடு விட்டு ஏடு தாண்டவோ பெருந்தடை. இவ்விரு திசைகளுக்கும் இடையே கடத்துதிறனில் மிகப் பெரும் வேறுபாடு இருப்பதை இருவரும் உலகிற்கு அறிவித்தனர். வைரமும் அதே கார்பனே. அது வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அணு ஒன்றே, அடுக்கப்பட்ட முறையே வேறு.

1940இல் இலண்டன் ராயல் சொசைட்டி இவரைத் தன் உறுப்பினராக்கியது. 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பேற்றார். அங்கும், மின்சாரத்தாற் சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பிகளில் வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்தார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். அறிவியலைத் தமிழிலும் எழுதினார். 1961 ஜூன் 14ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே! கிருஷ்ணன் பிறந்த இல்லத்தில் ஏடும் எழுத்தும் முன்னரே இருந்தன. நம் முன்னோர்க்கோ அவை மறுக்கப்பட்டன. நம் சமுதாயமும் அந்தக் கிராபைட்டைப் போல் அடுக்கடுக்காக அமைக்கப்பட்டதே. கல்வி மேலடுக்கினுள்ளேயே ஓடியது; கீழே இறங்கவில்லை. குறை நம் அணுவில் இல்லை. பிறர் அடுக்கிய முறையில் இருந்தது. அந்தத் தடையைக் கடக்கவே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகிறது.

புத்தூர் வாழ் மாணவ மாணவியரே! விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு டார்ச் பாட்டரி, ஒரு சிறு பல்பு, இரண்டு துண்டுக் கம்பி, இருபுறமும் சீவிய பென்சில் துண்டு ஆகியவை போதும். வீட்டு மின்சாரத்தில் மட்டும் கை வைக்காதீர். இணைத்துப் பாருங்கள், ஏன் என்று வினவுங்கள். அவ்வினாவே அறிவியலின் வாயில். அவ்வாயில் நமக்கும் உரியது.