ஸ்டீபன் கிரே

இங்கிலாந்து நாட்டில் காண்டர்பரி என்னும் நகரில் 1666 ஆம் ஆண்டில் ஸ்டீபன் கிரே பிறந்தார். துணிகளுக்குச் சாயம் தோய்ப்பது அவருடைய குடும்பத் தொழில். கிரேயும் அத்தொழிலையே மேற்கொண்டார். எனினும், ஓய்வு நேரங்களில் தொலைநோக்கியால் வானத்தை ஆராய்ந்து வந்தார். வறுமையும் உடல் நலிவும் அவரை வாட்டின. 1719 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் அறநிலையத்தில் அவருக்கு உணவும் உறையுளும் கிடைத்தன.

அங்கு வாழ்ந்தபோது, 1729 ஆம் ஆண்டில், கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தேய்த்து மின்னேற்றினார். தூசு புகாதபடி அதன் முனைகளில் தக்கைகள் செருகப்பட்டிருந்தன. தேய்க்கப்படாத அத்தக்கையும் இறகை ஈர்த்தது! மின்னாற்றல் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் என்பதை அவர் உணர்ந்தார். அது எவ்வளவு தொலைவு செல்லும் என்று அறிய விழைந்தார்.

நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகையில் சோதனை தொடர்ந்தது. நீண்ட சணற்கயிற்றை மெல்லிய பட்டு நூல்கள் தாங்கின. கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்னாற்றல் சென்றது. கயிற்றின் நீளத்தைக் கூட்டியபோது பட்டு நூல் அறுந்தது. அதற்கு மாற்றாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினர். கம்பி அறவில்லை, ஆனால், மின்னாற்றல் மறுமுனையை எட்டவில்லை. அது கம்பி வழியே கசிந்துவிட்டது. தாங்கும் நூலின் மென்மையன்று, அதன் பொருளே மின்னைத் தடுக்கிறது என்பது அப்பொழுது புலனாயிற்று. மீண்டும் பட்டையே பயன்படுத்தி, 765 அடித் தொலைவுக்கு மின்னாற்றலைச் செலுத்தினர். மின்கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்னும் பாகுபாடு இவ்வாறு பிறந்தது.

1731 ஆம் ஆண்டில் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கம் முதன்முதலாகக் கிரேக்கே வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டும் அதனை அவரே பெற்றார். 1736 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இறக்கும் தறுவாயிலும் தம் சோதனைகளை எடுத்துரைத்தார். கழகத்தின் செயலாளர் அவற்றை எழுதிக்கொண்டார்.

சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து உண்டாகும் பொருள்கள் பலபடிகள் எனப்படும். பட்டும் பிளாஸ்டிக்கும் இவ்வகையின. இவை மின்கடத்தா என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. 1977 ஆம் ஆண்டில் ஷிராகாவா, மக்டயார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் பாலிஅசிட்டிலீன் என்னும் பலபடியில் அயோடினைச் சேர்த்தனர். அதன் மின்கடத்தும் திறன் பல இலட்சம் மடங்கு பெருகியது. 2000 ஆம் ஆண்டில் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். புகைப்படச் சுருளில் மின்னேற்றம் சேராது காக்கவும், ஒளிவீசும் மெல்லிய திரைகளை அமைக்கவும் இத்தகைய பலபடிகள் பயன்பட்டுள்ளன.

எப்பொருள் மின்னைக் கடத்தும் என்னும் வினாவை முதலில் ஆராய்ந்தவர் ஒரு சாயத் தொழிலாளி. தவறிய சோதனையையும் கூர்ந்து நோக்கியதே அவருடைய பெருமை.